மகள் புள்ளி வைத்த இடங்கள்

இதை எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தபோது என் தலையில் கறுப்பு மயிர்தான் அதிகம். கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் மூடி வைத்தேன். பிறகு இன்னொரு கொப்பி. அதிலும் சுழி மட்டும்தான். அதை என் மனைவி வெறும் கொப்பி என்று நினைத்து, தாள் தாளாகக் கிழித்து அடுப்பு மூட்டினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. எரிகிறதே என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை முருகன் மன்னிக்கட்டும்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுதுவதில் பிழை இருக்கும். பொய் இருக்காது. எழுதப்போவது என் மகளைப் பற்றி. அவள் கேம்பஸில் பழங்காலத்துப் படிப்பு, தொல்லியல் என்பார்கள், அதைப் படித்தாள். ஆசைப்பட்ட அளவுக்குப் படித்து முடிக்க அவளால் முடியவில்லை. அதற்கு அவள் செய்த தப்புத்தான் காரணம் என்று எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அவள் இப்போது உயிரோடு இல்லை. அந்தத் தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் எடுத்தது.

இலங்கையில், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்குத் தோட்டத்தில் கல் வேலை. மண் சரியாமல் கல் அடுக்குவது, மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குக் கரை கட்டுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய் அம்மி கொத்துவேன். அரைத்து அரைத்து அம்மி வழவழத்துப் போனால் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், மசியாது. சின்ன உளியை வைத்துப் பொட்டுப் பொட்டாகக் கொத்தி விட்டால் கல்லுக்கு மறுபடியும் பல் முளைத்த மாதிரி. தேய்ந்த கல்லைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் மலைக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் தூண் நட்டபடி நிற்கிறது. காடு வெட்ட வந்த எங்கள் ஆட்கள் அதை முனியாண்டி என்று கும்பிட்டார்கள். நாங்களும் கும்பிட்டோம். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, விளக்கு ஏற்றுவது நான்தான். யாரும் என்னிடம் அந்த வேலையை ஒப்படைக்கவில்லை. கல்லோடு மல்லுக்கட்டுகிறவன், கை கால் நசுங்காமல் காப்பது அந்தச் சாமிதான் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

மகளுக்குக் கேம்பஸ் கிடைத்தபோது எங்கள் லயத்தில் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. டாக்டர் படிப்பா, வக்கீல் படிப்பா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். தொல்லியல் என்றேன். அப்படியென்றால் என்ன என்று மறு கேள்வி கேட்டால் எனக்கும் தெரியாது.

முதல் வருஷம் ஒருநாள் சோறும் பொரித்த கருவாடும் கட்டிக்கொண்டு கேம்பஸ் இருக்கிற பேராதனைக்கு பஸ்ஸில் போனேன். ஒரு மரத்தடியில் குந்தியிருந்து, தண்ணீர்ப் பேசினில் உடைந்த சட்டித் துண்டுகளைப் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கேயோ மண்ணைத் தோண்டி எடுத்தவையாம். கழுவிய துண்டுகளைத் தாளில் வரிசையாகக் காயப்போட்டு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதினாள். நான் கொண்டுபோன சோற்றுப் பொட்டலம் அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் அப்படியே கிடந்தது.

வீட்டுக்கு வந்து கண்டதை மனைவியிடம் சொன்னேன். அவள் மோவாயில் கை வைத்தாள்.

“இங்க ஒரு கோப்பையைக் கழுவுடின்னா, படிக்கணும்மாம்பா. அங்க போயி எவனோ ஒடச்ச சட்டியக் கழுவுறாளாக்கும்.”

“அது ரெண்டாயிரம் வருஷத்துச் சட்டியாம்.”

“அப்ப நல்லாத்தான் கழுவணும். எம்புட்டு அழுக்கு இருக்கும்.”

லீவுக்கு வந்தபோது மனைவி மகளிடமே இதைச் சொல்லிச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். “நீங்க வந்து தேங்காப் பொச்சுப் போட்டுத் தேச்சுக் குடுங்கம்மா. சார் எங்க எல்லாரையும் வெரட்டி விட்டுருவாரு.”

அந்த லீவில் அவள் ஒரு சட்டித் துண்டின் படத்தைக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தாள். வாய் விளிம்பு கொஞ்சம், கழுத்து கொஞ்சம், அதோடு நிறுத்திவிட்டாள்.

“மிச்சத்தையும் போட்டு முடிச்சுரு பாப்பா. பானைன்னா எப்படி இருக்கும்னு தெரியாதா?” என்றேன்.

“தெரியும்ப்பா. ஆனா இல்லாததப் போடக் கூடாது. சந்தேகம்னா புள்ளி வச்சு விட்டுரணும்.”

பெரிய படிப்புக்குள் இருக்கும் சின்னப் பிடிவாதம் என்று நினைத்தேன். அந்தப் பேச்சைக் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை.

மூன்றாம் வருஷம் தைப்பொங்கல் லீவில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், விளக்கேற்ற என்னோடு வந்தாள். வெயில் அப்போதுதான் மலை விளிம்பைத் தாண்டிச் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கல்லுக்குப் பின்பக்கம் போய்க் குந்தினாள். எழும்பவே இல்லை.

“அப்பா, இதுல எழுத்து இருக்கு.”

அந்தக் கோடுகளை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெடிப்பு என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அங்கேதான் இருந்தாள். நிழல் விழுந்தால் கோடு தெரியும் என்று, வீட்டில் இருந்த ஒரே முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டுபோய் வெயிலைத் திருப்பித் திருப்பிக் கல்லில் அடித்துப் பார்த்தாள். மனைவி நெற்றிப் பொட்டைத் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டு, “முனியாண்டிக்கு இப்பத்தான் மொகம் பாக்கத் தோணிருக்கு,” என்பாள்.

அது எந்தக் காலத்து எழுத்து, தமிழா, பழைய சிங்களமா என்று கேட்டேன். “இன்னும் தெரியலப்பா. தெரியாமச் சொல்லக் கூடாது,” என்றாள். ஆனால் அவள் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் கண்டதில்லை, கேம்பஸ் கடிதம் வந்த அன்றுகூட. அந்தக் கல்லையே தன் ஆய்வுக்கு எடுக்கப் போவதாகச் சொன்னாள். அவளுடைய விரிவுரையாளர் வந்து பார்த்துச் சரி என்றால், சிறப்புப் பட்டம் செய்யலாம், பிறகு அங்கேயே படிப்பிக்கவும் வாய்ப்பு வரலாம். எல்லாம் அவர் கண்ணில் அந்த எழுத்துப் படுவதில் இருந்தது.

லீவு முடிந்து போகும்போது சொன்னாள். “இனிமே கல்லுக்கு எண்ணெ வைக்காதீங்கப்பா. வெளக்கு மட்டும் போதும். எழுத்து ரொம்பத் தேஞ்சு போயிருச்சு. சார் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் உண்டு. தெரியாட்டி அவ்வளவுதான்.”

பஸ் படியில் ஏறியும் அதையே சொன்னாள். தேய்ந்து போயிருச்சு, தேய்ந்து போயிருச்சு. உளி வைக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

விரிவுரையாளர் சனிக்கிழமை வருகிறார் என்று செய்தி வந்தது. அதற்கு முன் ஒரு போயா லீவு, பௌர்ணமி நாள், இருந்தது. அன்று விரதம் இருந்து, ஓடையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கல்லடிக்குப் போனேன். சாமியிடம் பூக் கேட்டேன். எங்கள் வழக்கம் அது. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து, குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளை எடுத்தேன். கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, அம்மி கொத்துகிற சின்ன உளியை எடுத்துத் தேய்ந்த எழுத்துகளைக் கொத்தத் தொடங்கினேன்.

பொட்டுப் பொட்டாக, கோடு விட்டு விலகாமல் கொத்தினேன். கோடு தெரிந்த இடத்தில் கோட்டோடு போனேன். தெரியாத இடத்தில், இப்படித்தான் போயிருக்கும் என்று முடித்து வைத்தேன். ஓர் இடம் என் கண்ணுக்கு “மு” என்றே தெரிந்தது. சாமியின் பெயர் அப்படித்தானே தொடங்கும்? அதை நன்றாக ஆழமாகக் கொத்தினேன். மதியத்துக்குள் முடிந்தது. தூசியைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. மகள் வந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து, தனியாக நின்று சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு வேனில் வந்தார்கள். விரிவுரையாளர், இரண்டு மாணவர்கள், மகள். அவர் வயதான சிங்களவர். கல்லுக்குத் தூரத்திலேயே யாரும் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். அதைப் பார்த்து எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. மனைவி லயத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

மகள்தான் முதலில் கல்லின் பின்பக்கம் போனாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகம் ஒரு நொடியில் இரத்தம் வற்றி வெளுத்துப் போனது. எனக்கு விளங்கவில்லை. சந்தோஷம் கூடினாலும் சிலர் அப்படி ஆவார்கள் என்று நினைத்தேன் என்றால் நம்புவீர்களா? அப்படித்தான் நினைத்தேன்.

விரிவுரையாளர் குந்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் உளி போன பள்ளத்தில் விரலை வைத்து இழுத்தார். விரல் வெள்ளையாக வந்தது. கழுவியும் போகாத கல் தூசி. பிறகு மெதுவாகக் கேட்டார், “இதை யார் செய்தது?”

சிங்களத்தில்தான் கேட்டார். பிலிமத்தலாவைக் கடைகளில் உளி வாங்கிப் பழகிய சிங்களம் எனக்கு உண்டு. விளங்கியது. மகள் திரும்பி என் கையைப் பார்த்தாள். கொத்தும்போது சுத்தியல் பட்டுப் பெருவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. மீண்டும் அவரைப் பார்த்துச் சொன்னாள், “நான்தான் சார்.”

“ஏன்?”

“எழுத்து உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று.”

அவர் அந்த “மு”வைக் காட்டினார். “இதுவுமா?”

“இதுவும்தான் சார்.”

பழங்காலத்துக் கல்லில் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மு. தமிழ்ப் பிள்ளை ஒன்று தன் படிப்புக்காகத் தமிழ் எழுத்தைப் பொய்யாக வெட்டி வைத்திருக்கிறது என்றுதான் அதைப் பார்க்கிற எவருக்கும் தோன்றும். அந்த இரண்டு மாணவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. வாயைத் திறந்தேன்.

மகள் என் பக்கம் திரும்பாமல் தமிழில் சொன்னாள். “அப்பா, நீங்க போயி அம்மாவ தேத்தண்ணி ஊத்தச் சொல்லுங்க.”

நான் போனேன்.

அந்த மலை ஏற்றத்தை இப்போதும் என் கால் மறக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் திரும்பலாம் என்று இருந்தது. திரும்பவில்லை. மனைவியிடம் போய்த் தேத்தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அவள் எத்தனை பேருக்கு என்று கேட்டாள். சொன்னேன்.

விரிவுரையாளர் தேத்தண்ணீரைக் குடித்தார். வடையைத் தொடவில்லை. போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்று சாயந்திரம் கல்லடியில் நின்ற மகளிடம், திங்கட்கிழமை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கல்லைத்தான் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“பழைய கல்ல ஒடச்சாப் பொலிஸுக்குப் போற விசயம்ப்பா. எனக்குன்னா படிப்போட போயிரும். உங்களுக்குன்னா வேல போகும், வேல போனா வீடு போகும். அம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க போவீங்க?”

“அதுக்காக நீ ஏன் பாப்பா…”

“விடுங்கப்பா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?”

அவளுக்குச் சிறப்புப் பட்டம் கிடைக்கவில்லை. அந்தக் கல்லைப் பற்றி எழுத விடவில்லை. விரிவுரையாளர் அவளைப் பொலிஸில் காட்டிக்கொடுக்கவும் இல்லை, பிறகு அவளோடு பேசவும் இல்லை. சாதாரணப் பட்டத்தோடு வெளியே வந்தாள்.

அவள் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே நான் ஒரு தடவை போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேராதனை பஸ்ஸில் ஏறி, அந்த விரிவுரையாளரின் அறை வாசலில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சிங்களத்தில் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மூன்றே வார்த்தை. கதவு திறந்தது. அவர் என்னை அடையாளம் கண்டு, கதிரை போட்டு உட்காரச் சொல்லி, என்ன விஷயம் என்று அன்பாகத்தான் கேட்டார். மகளுக்குச் சோறு கொண்டு வந்தேன், அவள் எங்கே இருப்பாள் என்று கேட்டேன். என் கையில் சோறு இல்லை. பை எதுவும் இல்லை. அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். பெருவிரலைப் பார்த்தாரோ என்னவோ. விடுதிக்குப் போகிற வழியைச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தாள். நல்ல டீச்சர் என்று பெயர். பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டுபோய் எல்லாம் காட்டுவாள். ஆனால் ஓடைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். என்னைக் கண்டால் “சாப்பிட்டீங்களாப்பா” என்பது ஒருநாளும் குறையவில்லை.

நான் அம்மி கொத்துவதை விட்டுவிட்டேன். வீட்டு அம்மி வழவழத்துப் போய், மனைவி ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாள். “ஊருக்கெல்லாம் கொத்துனீங்க. இங்க மொளகா ஓடிப் பிடிச்சு வெளையாடுது.” மகள் உள்ளே இருந்து உளிப்பையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். “கொத்துங்கப்பா. அம்மின்னா கொத்தத்தான் வேணும்.” அவள் மன்னித்துவிட்டாள் என்பது அதன் அர்த்தம். எனக்குத் தெரியும். என்னால் உளியைத் தொட முடியவில்லை. மனைவி கடைத்தூள் வாங்கப் பழகிக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். தோட்டத்தில் அந்தப் பேச்சு அப்போதுதான் முற்றியது. முனியாண்டி கும்பிடு அன்று, மோர் வாங்க நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், “சாமி கல்ல கம்பாசுப் பொட்டி ஊசியால கீறுனவதானே. படிப்பும் போச்சு. இப்ப சாமி அவளையே கேக்குது.” மோர் ஊற்றிக்கொண்டிருந்தது நான். என்னைக் கண்டதும் அவள் தலை குனிந்தாள். அவள் கோப்பையை நிறைத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மகளிடம் கேட்டேன், “நான் சொல்லிரவா பாப்பா? எல்லாருக்கும்?”

கண்ணை மூடியபடி இருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது சொன்னாள். “இப்ப வேணாம். நான் போன பெறகு சொல்லுங்க. சொன்னா உள்ளபடி சொல்லுங்கப்பா. என்னையப் பெரிய தியாகியாக்கிறாதீங்க. எனக்கு அன்னைக்கு ஒங்க மேல அவ்வளவு கோவம்.”

அவள் போய்ப் பல மழைக்காலம் ஆகிவிட்டது. நான் இப்போது வேலையில் இல்லை, அந்த லயத்திலும் இல்லை. என்னிடம் இருந்து எடுக்க யாருக்கும் எதுவும் இல்லை. அப்படியும் எழுதவில்லை.

எழுத வைத்தது எங்கள் வீட்டு அலுமாரி. வீடு மாறும்போது அடித்தட்டில் அவளுடைய கேம்பஸ் கொப்பி ஒன்று கிடைத்தது. அந்தத் தைப்பொங்கல் லீவில், கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பார்த்துப் பென்சிலால் பிரதி எடுத்திருக்கிறாள். கல்லில் இருந்த எழுத்துகள், நான் உளி வைப்பதற்கு முன்பு இருந்தபடி. ஒவ்வொரு நாளும் என்ன தெரிந்தது என்று திகதி போட்டிருக்கிறாள். தெரியாத இடங்களில் எல்லாம் புள்ளி. நான் “மு” கொத்திய இடத்தில் மூன்று புள்ளி, பக்கத்தில் சின்னதாக, “வெடிப்பாகவும் இருக்கலாம்.”

இந்தக் கொப்பியை அன்றைக்கு அந்த விரிவுரையாளரிடம் காட்டியிருந்தால் அவளுடைய படிப்புப் பிழைத்திருக்கும். ஆய்வுக்குக்கூட அது போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் புள்ளி வைத்தவளே அங்கே எழுத்து வெட்டுவாளா, அப்படியானால் வெட்டியது யார் என்று அவர் கேட்டிருப்பார். அதனால் காட்டவில்லை. அலுமாரியின் அடியில் என் வீட்டிலேயே வைத்திருந்தாள். நான் மேலே என் வேட்டி மடித்து வைக்கிற அலுமாரி.

முன்னே எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. அடித்துத் திருத்தாமல் இங்கேயே சொல்கிறேன். பூக் கேட்டு வெள்ளை எடுத்தேன் என்று எழுதினேன். எடுத்தது உண்மை. மூன்றாம் தடவைதான் எடுத்தேன். முதல் தடவை சிவப்பு. இலை சரியாக மடியவில்லை என்று மறுபடி மடித்தேன். இரண்டாம் தடவையும் சிவப்பு. கை நடுங்கியது, அது கணக்கில்லை என்று சொல்லிக்கொண்டேன். சாமி இரண்டு தடவை வேண்டாம் என்றது. என் மகளும் புள்ளி வைத்து விடு என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் எனக்கு வேண்டியது வரும் வரைக்கும் குலுக்கினேன். என் மனைவிக்கும் இது தெரியாது. இந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்த பிறகு வாசிப்பேன்.

கல் இன்னும் ஓடைப் பக்கம் நிற்கிறது. என் உளி போட்ட வெள்ளை கறுத்துவிட்டது. இனி வருகிறவனுக்கு எது பழையது, எது என் கை என்று தெரியாது. அந்தக் கல்லில் யாரோ யாருக்கோ சொல்லிவிட்டுப் போனது என்ன என்று இனி ஒருவருக்கும் தெரியாது. அதைக் கேட்கப் பிறந்தவள் என் வீட்டில்தான் பிறந்தாள்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கலஹாப் பக்கம் யாராவது அவளைப் பற்றி அந்தப் பேச்சைப் பேசினால் இதைக் கொடுங்கள். கொடுக்கும்போது இருக்கிறபடியே கொடுங்கள். என் தப்பை வயசானவன் என்று குறைக்க வேண்டாம். அவளை உயர்த்த வேண்டாம், அது அவள் சொன்ன சொல். என் எழுத்துப் பிழையைக்கூட விட்டுவிடுங்கள். எங்காவது விளங்காமல் இருந்தால், இப்படித்தான் இருந்திருக்கும் என்று நீங்களாக முடித்து வைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்தவர் கையில் கொடுங்கள்.